மாமனார் துப்பாக்கிக்கு நீலம் ஏற்றிய விவரம்

மதிப்புக்குரிய மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு, உங்கள் தங்கை லோர்னாவின் கணவன் ஆர்லோ எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். குளியலறை மட்டும் நலமில்லை. உங்கள் முதுகுவலியும் உங்கள் நாயின் காதுவலியும் தேவலையாக ஆண்டவனை வேண்டுகிறேன்.

நிற்க. உங்கள் அப்பாவின் மான் வேட்டைத் துப்பாக்கி ஒரு வருஷம் உங்களிடம், ஒரு வருஷம் எங்களிடம் என்பது பெரியவர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. வருகிற நன்றி செலுத்தும் நாள் விருந்தில் அதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இருந்தவரை அவர் என்னை அதைத் துடைக்கக்கூட விட்டதில்லை. "அவன் கை பட்டா கதவுக் கொண்டியே கழண்டுடும்" என்று என் கல்யாண விருந்திலேயே சொன்ன மகராசன். ஆகவே வெளிறிப்போன இரும்புக் குழலுக்கு, துருவைத் தடுக்கும் அந்தக் கருநீல மெருகை, அதாவது நீலம், ஏற்றி, புத்தம்புதுசாக உங்கள் கையில் கொடுத்து, உங்கள் குடும்பத்தின் வாயை ஒரு தடவையாவது அடைக்க ஆசைப்பட்டேன். எந்தத் துப்பாக்கி என்று சொல்லாமல் உங்களிடமே யோசனை கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கடைக்கு எதுக்கு மாப்ளே, வீட்லயே பண்ணலாம்" என்றீர்கள். துருப் பிடிக்காமலிருக்க முதலில் துருப் பிடிக்க வைக்க வேண்டும் என்றபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். துரு ஏற்றும் மருந்து தடவி, குழலைக் குளியலறைத் திரைக்கம்பியில் தொங்கவிட்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பிடித்தேன். லோர்னா குளிக்க வழியில்லாமல் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். வீட்டுக்கு வந்த இடத்தில் கை கழுவப் போன எங்கள் சபைப் போதகர் ஆவிக்குள் தொங்கிய குழலைப் பார்த்துவிட்டு, ஞாயிறு ஆராதனையில் எனக்காகச் சபையையே ஜெபம் பண்ண வைத்தார். அப்புறம் அந்தத் துரு கருநீலமாக மாறக் கொதிக்க வைக்க வேண்டுமாமே, அத்தனை நீளப் பாத்திரத்துக்கு எங்கே போக, மேப்பிள் மரப் பாகு காய்ச்சும் தகரத் தட்டில் போட்டேன். மூலையில் ஒட்டியிருந்த பழைய பாகு கரைந்து குழல் மிட்டாய்போல் வெளியே வந்தது, ஆறவைத்த இடத்தில் பக்கத்து வீட்டு நாய் நக்கிவிட்டது, மறுபடி துரு, மறுபடி ஆவி, மறுபடி கொதி.

ஒருவழியாகக் கருநீலம் ஏறியது. ஆனால் குழலின் அடிப்பக்கம் ஒரே ஒரு இடம் மட்டும் வெளுப்பாக, சொரசொரப்பாக, அச்சு அசலாகக் கட்டைவிரல் அளவுக்கு நிற்கிறது. யார் விரல் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் சாசேஜ் தின்ற எண்ணெய்க் கையோடு துப்பாக்கியை நீட்டினீர்களே மச்சான், அந்தத் திருக்கரம்தான். நானும் விடவில்லை. உப்புத்தாளை எடுத்து, தோள் கழன்றுபோகுமளவுக்குத் தேய்த்து, அடியோடு அழித்து, மேலே நீலம் ஏற்றிவிட்டேன். இப்போது முகம் பார்க்கலாம். விருந்துக்கு வரும்போது தயவுசெய்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரவும்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, நாய்க்கு முதுகில் ஒரு தட்டு.

இப்படிக்கு,
கை ராசிக்காரன்
ஆர்லோ ஸ்டாஃபர்

பி.கு.: லோர்னா இப்போதுதான் திரும்பி வந்தாள். துப்பாக்கியை வாங்கினாள். பாராட்டுவாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவளோ குழலின் அடியை விரலால் தடவித் தேடினாள். "அப்பாவோட கட்டைவிரல் எங்கேங்க?" என்றாள்.

காலமெல்லாம் அங்கேதான் பிடிப்பாராமே. அவர் வியர்வை இரும்பையே தின்னுமாமே. துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் முதலில் அங்கேதான் விரல் வைத்துப் பார்ப்பீர்களாமே. இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது என்னிடம் சொல்லித் தொலைத்தீர்களா?

அவள் திட்டவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் இல்லை. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள் மச்சான். உங்களுக்கும் அதே வியர்வைதான், உங்கள் கைக்கடிகாரமே துருப் பிடிக்கிறது என்று கதவுக்குள்ளிருந்தே சொல்கிறாள். விருந்துவரை காத்திருக்க வேண்டாம், கடிதம் கண்டதும் கிளம்பி வாருங்கள். கையைக் கழுவாமல் வாருங்கள்.