சான்று தேவை

“அந்த வரி இன்னும் இருக்கே, ஹேமநாதன்!” தாளாளர் தசரதன் கைப்பேசியை மேசைமேல் தள்ளினார்.

விக்கிப்பீடியாவில் அவருடைய பொறியியல் கல்லூரியைப் பற்றிய கட்டுரை. கடைசி வரி: ‘ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் இங்கே பேராசிரியர்கள் வாடகைக்கு வருவார்கள்.’ பக்கத்தில் பொடி எழுத்தில், ‘சான்று தேவை’.

“திங்கக்கிழமை ஆய்வு. அதுக்குள்ள அது போகணும். இல்லைன்னா நீ போகணும்.”

வரி உண்மை என்று ஹேமநாதனுக்குத் தெரியும். வாடகைப் பேராசிரியர்களுக்குப் பெயர் அட்டை அடிப்பவனே அவன்தான். அப்படி ஓர் ஆய்வு நாளில் ஆவடியிலிருந்து பட்டுப்புடவையில் வந்து, “இன்னிக்கு நான் எந்தத் துறைங்க?” என்று கேட்டவள் கிருஷ்ணப்பிரியா. அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகும் ஆய்வுக்கு ஆய்வு வந்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு துறைக்கு. போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தான். திரும்பி வரவில்லை.

வரியை அழித்தான். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தது, கூடவே விக்கிப்பீடியா தொகுப்பாளர் ஒருவரின் குறிப்பும். ‘காரணம் சொல்லாமல் நீக்காதீர்கள். – நாகேந்திரன்.’

“இன்னா சார், அருகம்புல்லு மாரி மொளைக்குது?” என்றாள் அலுவலக உதவியாளர் வடிவு. “கிருஷ்ணப்பிரியா அக்கா இருந்தா வுய்ந்து வுய்ந்து சிரிச்சிருக்கும்.”

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினான்: ‘நான் ஹேமநாதன், கல்லூரி ஊழியன். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. பொறுப்புடன் சொல்கிறேன்.’

நாகேந்திரன் பதில் போட்டார்: ‘உங்கள் சொல் சான்றாகாது. ஆனால் அந்த வரிக்கும் சான்று இல்லை. நீக்கிவிட்டேன். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்.’ கீழே எண்.

வரி போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தசரதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“பூந்தமல்லி பூரா பேசிக்கிட்டிருக்கான்யா. பேப்பர்ல மறுப்பு குடு!”

“வேணாம் சார்...”

“குடுய்யா!”

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது: ‘பேராசிரியர்கள் வாடகைக்கா? கல்லூரி மறுப்பு.’ மத்தியானம் கட்டுரையில் வரி திரும்பவும் ஏறியது. ‘பேராசிரியர்கள் வாடகைக்கு வருவதாகக் குற்றச்சாட்டு உண்டு, கல்லூரி மறுத்துள்ளது.’ இப்போது ‘சான்று தேவை’ இல்லை. அந்த இடத்தில் பத்திரிகையின் பெயர் இருந்தது.

ஆய்வு ஏற்பாட்டுக்காக வந்திருந்த வடிவு எட்டிப் பார்த்தாள். “சான்று தேவைன்னு கேட்டுகினே இருந்தானுங்க. கடசீல நாமளே குட்த்துட்டோம்.”

மேசையில் நாளைக்கான பெயர் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஹேமநாதன் நாகேந்திரனைக் கூப்பிட்டான்.

“எடுக்க முடியாது சார்,” என்றார் அவர். “இப்ப பத்திரிகையே சொல்லுதே.”

“முதல்ல இதை எழுதினது யாரு? அதையாவது சொல்லுங்க. நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.”

“பேரு போடலை சார். ரெண்டு வருஷம் ஆச்சு. யாரோ ஒரு லேடி. பாவம், அப்பவே சான்றும் குடுத்திருந்தாங்க. தனி ஆளைச் சான்றா வைக்கக் கூடாதுன்னு நான்தான் அதைத் தூக்கிட்டு ‘சான்று தேவை’ன்னு போட்டேன்.”

“என்ன சான்று?”

நாகேந்திரன் சிரித்தார்.

“‘என் வீட்டுக்காரர்தான் அங்கே பெயர் அட்டை அடிக்கிறார். கேட்டுப் பாருங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார்.’”