பெரியப்பாவின் மூளைக்கு ஒரு மலிவுக் கருவி

ஒரு பொருளை மலிவாக்குவது எளிது. அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் போதும். எங்கே நிறுத்துவது என்பதுதான் படிப்பு. நான் மதுரை பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பியபோது அந்தப் பாடம் மட்டும் பாக்கி இருந்தது.

கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். பின்மண்டையில் கம்பி ஒட்டினால் மூளையின் மின்னலைகளைப் பிடிக்கலாம். மனம் அமைதியானால் கருவி ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டே மனத்தை அடக்கப் பழகலாம். விலைதான் ஒரு காரின் விலை. காசுள்ளவனுக்கு மட்டும்தான் அமைதியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ விலையில் அதைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். (அந்த வயசுல வேற என்ன தீர்மானம் வரும்?)

சோதிக்க ஆள் வீட்டிலேயே இருந்தார். என்னைத் 'தாயி' என்று கூப்பிடும் என் பெரியப்பா புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரி. அவர் கடையில் பேசினால் பஸ் நிலையத்தில் கேட்கும். தூக்கம் வருவதில்லை. மதுரை டாக்டர் மனத்தை நிதானமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த டாக்டரையும் அவர் திட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கருவி வேலை செய்தால் கடைக்குப் பின்னால் இருக்கும் அறை எனக்கு. அங்கே மேசை போட்டு இதே கருவியைப் பலருக்கும் செய்து விற்கலாம். இல்லையென்றால் அறை மூட்டைகளுக்கு. எனக்கு வேறு இடமும் கிடையாது, முதல் போட வேறு ஆளும் கிடையாது.

மலிவாக்கினேன். முதலில், வெள்ளி வில்லைக்குப் பதில் பித்தளைப் பொத்தான். இரண்டாவது, ஒட்டும் பசைக்குப் பதில், பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் நூலுக்குப் போடும் கஞ்சியில் கொஞ்சம் உப்பு. மூன்றாவது, உறையிட்ட கம்பிக்குப் பதில் அழைப்புமணி ஒயர். நான்காவது, வெளி மின்சார இரைச்சலை வடிகட்டும் பகுதி. அதற்குப் பதில் எதுவும் இல்லை. டார்ச் பேட்டரி, பிஸ்கட் டப்பா, வேலை முடிந்தது.

பெரியப்பா சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, போதாதென்று மறுபடியும் தலையில் எண்ணெய் வழித்துக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தார். பொத்தான் நிற்கவே இல்லை. துண்டால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். விசையைத் தட்டியதும் கருவி 'ங்ஙொய்ய்' என்று ஒலித்தது.

அதே நேரம் பாலவனத்தத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், போன வாரம் வாங்கிய மூட்டையில் ஈரம் என்றார். பெரியப்பா துண்டோடு எழுந்து, அவருடைய மாடு வரைக்கும் இழுத்து வைத்துத் திட்டினார். கருவி விடாமல் ஒலித்தது.

"கேட்டுக்கய்யா. மிஷினே சொல்லுது. நான் நிதானமாத்தான் பேசுறேன்."

திட்டும்போதும் ஏன் ஒலிக்கிறது என்று நான் டப்பா மூடியைத் திறந்து பார்த்தேன். அவரோ பூரித்துப்போய், அறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டார்.

அப்போது பெரியம்மா சாப்பாட்டுத் தூக்கோடு படியேறினார். கருவி நின்றது. கடையில் திடீரென்று ஒரே அமைதி.

"பாத்தியா தாயி, இவ வந்ததும் நின்னுபோச்சு. என் நிதானத்தைக் கெடுக்கிறது இவதான்னு இத்தனை வருசமா நான் சொன்னேன், ஒருத்தரும் நம்பல."

பெரியம்மா தூக்கைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அந்த டப்பாவையே பொங்கிப் போடச் சொல்லுங்க" என்று வந்த வழியே திரும்பினார்.

கடை ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். கரண்ட் போயிருந்தது. பக்கத்து விசைத்தறிக் கூடம் நின்றிருந்தது. சற்றுப் பொறுத்துத் தறிகள் ஓடத் தொடங்கின. கருவியும் பாடத் தொடங்கியது. அத்தனை நேரமும் அது பெரியப்பாவின் மூளையைக் கேட்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் மின்சாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சாவி கையில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை என்னுடையது. ஆனால் பெரியம்மா தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு நிறுத்தி, கடைக்குத் திரும்ப அழைத்து வந்து நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா நம்பவில்லை. கருவி சரி, எனக்குத்தான் கிறுக்கு என்றார். நிரூபித்துக் காட்டத்தானே படித்தேன். அவர் தலையிலிருந்து பொத்தான்களைக் கழற்றி, கைக்குக் கிடைத்த புண்ணாக்கு மூட்டையில் கஞ்சி தடவி ஒட்டினேன்.

'ங்ஙொய்ய்.'

பாலவனத்தத்துக்காரர் மூட்டையைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "மொதலாளி, அது உங்களவிட நிதானமால்ல இருக்கு."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் தூக்கிலிருந்த ரசம் படியில் கொட்டியது. பெரியப்பா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அந்த மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு போய் அந்த அறையில் போட்டுப் பூட்டினார்.

வடிகட்டி, உறைக்கம்பி, வெள்ளி வில்லை என்று கழற்றியதை எல்லாம் திரும்பச் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். விலை மறுபடியும் காரை நோக்கிப் போனது. விட்டுவிட்டேன். இப்போது டவுனில் ஒரு கடையில் பிறருடைய ரேடியோக்களைப் பழுது பார்க்கிறேன்.

ஆனாலும் பெரியப்பா குரலை உயர்த்தும்போதெல்லாம் பெரியம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டாமல் என்னைக் கூப்பிடுவார்.

"தாயி, அந்த ஒயரக் கொண்டா. இவுக நிதானமா, மூட்டை நிதானமான்னு பாத்துருவோம்."

பெரியப்பா பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவார். தூக்கம்கூட இப்போது பரவாயில்லையாம். பேட்டரி வேண்டாம், டப்பா வேண்டாம். இதைவிட மலிவாக என்னால் செய்ய முடியாது.