பாரிஸ் செல்வத்தின் ஒற்றை வினைச்சொல்

"உங்களைக் கேக்காமலே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்குப் பின்னேரம் ஒரு பிள்ளை படிக்க வருது" என்றாள் சிவலட்சுமி.

செல்வநாயகத்தின் கையிலிருந்த புட்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"என்ன படிக்க?"

"வேற என்ன, பிரெஞ்சுதான். பதினொரு வருசம் பாரிசிலை இருந்திட்டு, என்ன படிக்க எண்டு கேக்கிறியள்!"

இரணைமடுப் பக்கம் செல்வநாயகம் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பாரிஸ் செல்வம் என்றால் மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கூட வழி காட்டுவார். கிளிநொச்சியில் அவர் நடத்தும் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்குப் பெயரே 'பாரிஸ் மோட்டர்ஸ்'.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பதினொரு வருடமும் அவர் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார். முதலாளிக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. சமையல்காரர் புதுக்குடியிருப்பு. அறையில் கூட இருந்த நால்வரும் நெளுக்குளம். அவரோடு பிரெஞ்சில் பேசிய ஒரே ஆள் மெற்றோ ரயில். அதுவும் கதவு மூடும்போது மட்டும்.

போன வருடம் மாங்குளத்தில் இரண்டு வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, சந்தியே திரண்டு அவரைப் பிடித்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தியது. அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவை ஜேர்மன்காரர்" என்று சொல்லி நழுவிவிட்டார்.

இப்போது நழுவ முடியாது. எதிரே நிற்பது மனைவி.

மறுநாள் காலை, தமிழ் வழியாகப் பிரெஞ்சு சொல்லித்தரும் மெல்லிய புத்தகம் ஒன்றை வாங்கி, உதிரிப்பாகப் பட்டியலுக்குள் ஒளித்து வைத்துப் படித்தார். மதியத்துக்குள் ஒரே ஒரு வினைச்சொல் மண்டையில் ஏறியது. 'பார்லே.' கதைக்கிறது. அதுவும் நிகழ்காலம் மட்டும்.

பின்னேரம் மேனுகா வந்தாள். கையில் கொப்பி இல்லை. கைப்பேசி இருந்தது. அதைப் பூச்சாடியில் சாய்த்து, கரும்பலகையைப் பார்க்க வைத்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"அவர், சேர். பிரசாந்தன். எனக்குப் பேசி வைச்சிருக்கிறவர். பாரிசிலையிருந்து பாக்கிறார்."

செல்வநாயகம் சட்டைக் கொலரைச் சரிசெய்தார். "எத்தினை வருசமா அங்க இருக்கிறார்?"

"பதினாலு."

"பிரெஞ்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடாம்" என்று குசினிக்குள்ளிருந்து தகவல் கொடுத்தாள் சிவலட்சுமி. "அவரின்ரை தாய் கோயிலிலை சொன்னவா."

"இருபத்தெட்டாந் திகதி சோதினை, சேர்" என்றாள் மேனுகா. "பாஸ் பண்ணினால்தான் பிரான்சிலை இருக்கிறதுக்கான கடுதாசி அலுவல் சரிவருமாம். அதுக்குப் பிறகுதான் கலியாணம்."

"கொப்பி எங்க?"

"போன் இருக்குத்தானே, சேர்."

இந்தக் காலத்துப் பிள்ளைகள்! பல்லைக் கடித்துக்கொண்டு சோக்கட்டியை எடுத்தார். ஆறு வரி எழுதினார். நான் கதைக்கிறன், நீ கதைக்கிறாய், அவன் கதைக்கிறான், நாங்கள் கதைக்கிறம், நீங்கள் கதைக்கிறியள், அவை கதைக்கினம். எதிரே பிரெஞ்சு. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த தொழிலைச் சொன்னார்.

"இஞ்ச பார், பிள்ளை. 'பார்ல்' எண்டது இஞ்சின். அது மாறாது. ஆளுக்கேத்த மாதிரிப் பின்னால கொழுவிறதுதான் மாறும். ஒருக்காக் கலப்பை, ஒருக்காப் பெட்டி, ஒருக்காத் தண்ணித் தாங்கி. விளங்குதோ?"

மேனுகா கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். "விளங்குதாம், சேர்."

விளங்குதாமா? நக்கல்! பதினாலு வருடக்காரனுக்கு விளங்காமல் போகுமா?

அடுத்த வகுப்பிலிருந்து தாக்குதல் தொடங்கியது.

"சேர், அந்தக் கடைசி வரியிலை 'பார்லெண்ட்' எண்டு சொன்னியளாம். இஞ்ச சனம் அப்பிடிச் சொல்லிக் கேக்கேல்லையே எண்டு அவர் கேக்கிறார்."

அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது... பாரிஸ்காரர் கடைசி எழுத்துகளை விழுங்கிப்போடுவினம். தெற்கிலை மார்செய்ப் பக்கம் முழுசாச் சொல்லுவினம்."

மேனுகா காதில் மாட்டியிருந்த வயரை அழுத்திக் கேட்டாள். "அப்ப சோதினைக்கு எந்தப் பக்கத்துப் பிரெஞ்சு வரும் எண்டு கேக்கிறார்."

"ரெண்டும் வரும்!"

வாயில் வந்ததைச் சொன்னதற்குத் தண்டனையாக, ஆறு வரி பன்னிரண்டு வரியானது. பாரிஸ் ஆறு, மார்செய் ஆறு.

அவர் பலகையை உடம்பால் மறைத்து நின்று பார்த்தார்.

"சேரைக் கொஞ்சம் தள்ளி நிக்கட்டாம்."

குரலைத் தாழ்த்திப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லட்டாம்."

"வகுப்புக்குள்ள போன் கூடாது, பிள்ளை. கவனம் சிதறும்."

"அப்ப நான் வந்து பிரயோசனமில்லை, சேர்" என்றாள் மேனுகா, கண் கலங்கி. சிவலட்சுமி குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தாள். அடுத்த நாள் கைப்பேசிக்கு மூன்று கால் வைத்த தாங்கி ஒன்றும் சேர்ந்து வந்தது. இப்போது அது அவருடைய மூக்கு மயிரைக்கூட எண்ணும்.

இதற்கிடையில் சிவலட்சுமி வாசல் படலையில் பெயர்ப்பலகை கட்டிவிட்டாள். பாரிஸ் பிரெஞ்சு வகுப்பு, மார்செய் உச்சரிப்பும் உண்டு. அதைப் பார்த்து மேலும் ஆறு பேர் வந்து விறாந்தையை நிறைத்தார்கள். அதில் அனோஜா என்ற கெட்டிக்காரி முதல் நாளே கேட்டாள்.

"அடுத்த வினைச்சொல் எப்ப, சேர்?"

"முதல்லை இந்த இஞ்சினைக் கழட்டிப் பூட்டப் பழகுங்கோ. ஒரு இஞ்சின் பிடிபட்டால் ஆயிரம் இஞ்சின் பிடிபடும்."

அவசரத்தில் விட்ட புளுகு. மறுநாள் அனோஜா கைப்பேசியில் தேடிப்பிடித்த எட்டு வினைச்சொற்களைத் தானே கழட்டிப் பூட்டிக்கொண்டு வந்து, "சரியோ, சேர்?" என்று நீட்டினாள். அந்த எட்டில் ஒன்றைக்கூட அவருக்குத் தெரியாது. சிவப்புப் பேனாவால் எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிட்டு, பிழைக்கும் சரி போட்டேனோ என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தார்.

இருபத்தைந்தாம் திகதி மேனுகா கடைக்கே வந்தாள்.

"சேர், நாளைக்கு அவர் உங்களோட நேரடியாக் கதைக்கவேணுமாம்."

கையிலிருந்த போல்ட்டுகள் தரையெல்லாம் உருண்டன. முடிந்தது. பதினெட்டு நாள் எலியோடு விளையாடிய பூனை இனிப் பாயப் போகிறது. போன மானம் போகட்டும். ஆனால் இந்தப் பெண்? தன் புளுகை நம்பிச் சோதனையில் போய் 'பார்லெண்ட்' என்று உளறினால், கடுதாசியும் இல்லை, கலியாணமும் இல்லை. மார்செயை நினைத்தபோது அவருக்குத் தன் கன்னத்திலேயே அறையவேண்டும் போலிருந்தது.

மறுநாள் பின்னேரம். விறாந்தை நிறைய ஆட்கள். பலகையில் பன்னிரண்டு வரி. தாங்கியில் கைப்பேசி.

"எல்லாரும் கேளுங்கோ. தம்பி, நீங்களும் கேளுங்கோ." செல்வநாயகம் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நான் பாரிசிலை கோப்பை கழுவினனான். போன்சூர், மெர்சி, இவ்வளவுதான் நான் கொண்டு வந்தது. இந்த ஒரு வினைச்சொல்லும் உங்களுக்குப் படிப்பிக்கிற அண்டு காலமைதான் பாடமாக்கினனான். மார்செய் முழுப் பொய். மேனுகா, ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையோட விளையாடிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

வாசலில் நின்ற சிவலட்சுமி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப மாங்குளத்துக்கு வந்த ஜேர்மன்காரர்?"

"பிரெஞ்சுக்காரராத்தான் இருக்கும்."

மேனுகா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளிறி.

செல்வநாயகம் துணியை எடுத்துப் பலகையின் முதல் வரியில் வைத்தார்.

"ஐயோ சேர், அழிச்சுப்போடாதேங்கோ!" பத்தொன்பது நாளாகப் பேசாத கைப்பேசி முதன்முதலாக அலறியது. "நான் இன்னும் எழுதி முடிக்கேல்லை! இஞ்ச பிரெஞ்சைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கிறாங்கள், ஒரு கோதாரியும் விளங்கேல்லை. நீங்கள் இஞ்சின் எண்டு சொன்ன பிறகுதான் பிடிபட்டது. இருபத்தெட்டாந் திகதி சோதினை அவவுக்கில்லை, சேர், எனக்கு!"