ஒத்திகை பார்த்த உத்தியோகம்

தும்மல் வருவதற்கு முன்பே ஒருமுறை தும்மிப் பார்த்துக்கொள்ளும் மனிதர் காவிரிக்கரையில் ஒருவர்தான் உண்டு. குத்தாலத்தில் நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையில் என் பக்கத்து நாற்காலிக்காரர். நாங்கள் வைத்த பெயர் ஒத்திகை. அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் தூங்குகிறது.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய், செருப்பை எங்கே கழற்றுவது என்று வாசலில் நின்று ஆராய்ந்தவர். செருப்புத் திருடன் என்று துரத்தினார்கள். துரத்தியவர்களில் முன்னால் ஓடிவந்த பெண்ணையே கட்டிக்கொண்டார். அந்தத் துரத்தல் இன்னும் ஓயவில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தால் தெருவே டிவியை அணைத்துவிடும்.

இப்படிப்பட்டவருக்குத் தஞ்சாவூர் விதைக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூ வந்தது. அடுத்த திங்கட்கிழமை. சம்பளம் இரண்டு மடங்கு. ஆனால் தினமும் ரயிலில் போய்வர வேண்டும். ஆலைக்கோ வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

“போலாமா வேணாமான்னு பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா தம்பி? போய்ப் பாத்துடுவோம்” என்று ஒரு வாரம் லீவு போட்டார்.

டிபன் பாக்ஸ், குடை, புது பெல்ட் சகிதம் காலை பாசஞ்சரில் ஏறுவார். கம்பெனி வாசலில் போய் நிற்பார். மதியம் எதிர் மரத்தடியில் தயிர்சாதம். சாயங்காலம் ஊழியர்கள் வெளியே வந்ததும் இவரும் வேலை செய்த களைப்போடு திரும்புவார். இரண்டொரு நாளிலேயே வாட்ச்மேன், “என்ன சார், இன்னிக்கு லேட்டு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

ரயிலில் இன்னும் மோசம். தினமும் போய்வரும் கோஷ்டி இவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தது. வருஷா வருஷம் தங்கள் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி ஆயுத பூஜை போடுகிறவர்கள் அவர்கள். இந்த வருஷம் பொரி கொண்டுவரும் பொறுப்பு இவருக்கு. வேலை கிடைப்பதற்கு முன்பே பதவி கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி ஆலைக்கே வந்தார்.

“தம்பி, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒரு வாரமா சண்டையே இல்ல. வர்றாரு, சாப்புடுறாரு, படுத்துடுறாரு. வேணும்னே உப்பில்லாம ரசம் வச்சேன். அதையும் குடிச்சிட்டுப் போறாரு.” கண் கலங்கிவிட்டது.

“சண்டை இல்லன்னா நல்லதுதானே அண்ணி?”

“யாருக்கு?” என்றார்.

அன்று மாலை ஒத்திகையை ஸ்டேஷனில் பிடித்து, அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். டிபன் பாக்ஸைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

“உப்பே இல்லையா? நான் கவனிக்கலையே தம்பி” என்றார்.

திங்கட்கிழமை இன்டர்வியூ நேரத்தில் ஆலையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “திருவிடைமருதூர்ல வண்டி ரொம்ப நேரம் நிக்குது, சரிப்படாது” என்று எல்லோரிடமும் காரணம் சொன்னார். யாரும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் தெரு வழியாகப் போனேன்.

“தேடி வந்த வேலைக்குப் போகலையாம், ரயிலுக்குப் பொரி மட்டும் கொண்டு போவாராம்! ஊர்ல யாராவது கேட்டா சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும்டி! வாக்கு குடுத்துட்டேன், கொண்டு போவேன்!”

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். மனிதர் எங்கேயும் போகவில்லை என்பதில் எனக்கும் அத்தனை சந்தோஷம். சண்டை முடிகிறவரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.