மூணு அண்டா வயசு

தாம்பரத்தில் அந்த நாளில், பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தே ஒரு குடும்பத்தின் குட்டை உடைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் பேர்வெட்டி. மார்க்கெட்டில் பாத்திரக் கடை வாசலில் கோணியை விரித்து, சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து ஊருக்கே பேர் வெட்டிக் கொடுத்தவர். பாதி ஊரின் பெயரும் இனிஷியலும் கல்யாணத் தேதியும் அவருக்கு மனப்பாடம். அவருடைய பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

விசேஷத்துக்கு அவரைக் கூப்பிடுவது வம்பை விலைக்கு வாங்குவது. செம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்தில் காபி கொடுத்தார்கள். மனிதர் குடிப்பதற்கு முன்பே டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்தார். காபி முழுக்க வேட்டியில். அதைச் சட்டை செய்யாமல், "இது உங்க டம்ளர் இல்லீங்க. பழைய பேரை ராவிட்டு மேல உங்க பேரைப் போட்டுக்கீது" என்றார். வீட்டுக்காரரின் மச்சினி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "நாலு டம்ளர் குறையுதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவள் ஆரம்பித்தது, பந்தி முடிந்தும் முடியவில்லை.

இன்னொரு முறை பெருங்களத்தூரில் அண்ணனும் தம்பியும் ஓர் அண்டாவுக்காக அடித்துக்கொண்டார்கள். தாத்தாவே தன் பேரை வெட்டிக் கொடுத்தார் என்று அண்ணன் சாதித்தார். பேர்வெட்டி கட்டைவிரல் நகத்தால் எழுத்தை ஒரு தடவு தடவினார்.

"இது மிசின்ல வெட்டுனது. மிசின் தாம்பரத்துக்கு வந்தே நாலு வருசம்தான் ஆவுது. தாத்தா எப்ப போனாரு?"

தாத்தா போய் இருபது வருஷம். அண்டா தம்பி வீட்டுக்குப் போனது.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு ஜப்பான் வாள் வந்து சேர்ந்ததற்கு, நான் செய்த பாவம்தான் காரணம்.

எங்கள் தெருக்கோடியில் மகள் டெய்சி டீச்சர் வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஹவில்தார். யுத்த காலத்தில் பர்மாவில் இருந்தவர். ஜப்பான் படை சரணடைந்தபோது ஓர் ஆபீசர் தன் வாளை இவர் கையில் கொடுத்தானாம். கொடுக்கும்போது அழுதானாம். இந்தக் கதையை அவர் சொல்லாத சாயங்காலம் கிடையாது. அதற்கு 'ஜப்பான் கப்சா' என்று பேர் வைத்தவன் நான். தெரு முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த வருஷக் குடியரசு தினத்தன்று டெய்சி டீச்சரின் பள்ளியில் வாளை வைத்து, ஹவில்தாரைப் பேசச் சொல்வதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் ஜாக்கிரதைக்காரர். பட்டணத்தில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவரை அழைத்து வந்து காட்டினார். கடைக்காரர் கைப்பிடியை மட்டும் பார்த்தார்.

"மிலிட்டரி பிடி. ஃபேக்டரி சரக்கு. ஆயிரக்கணக்குல அடிச்சு விட்டது. இதைக் குடுக்கறதுக்கு எவனாவது அழுவானா?"

ஹவில்தார் வாளை உறையில் போட்டு எடுத்துப் போனார். மறுநாளிலிருந்து வெளியே வருவதை நிறுத்திவிட்டார். வாளை வைப்பதும் இல்லை, அவர் பேசுவதும் இல்லை என்று ஆகிவிட்டது. நாற்பது வருஷமாகச் சொன்ன கதையை ஒரு மனிதர் நிறுத்திவிட்டால் தெருவில் சாயங்காலம் எவ்வளவு நீளமாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 'கப்சா' என்று பேர் வைத்த பாவம் என்னுடையது. நேராகப் பேர்வெட்டியிடம் போய் நின்றேன்.

"கத்தியா? அதுல எழுத்து கீதா?"

"தெரியலைங்க. பாம்பு மாதிரி, டிராகன் மாதிரி ஏதோ செதுக்கியிருக்கு."

"செதுக்கிக்கீதா? இத்த மொதல்ல சொல்ல வேணாவா? ஞாயித்துக்கெழம வரேன். அந்தக் கடைக்காரரையும் வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை டெய்சி டீச்சர் வீட்டுக்குக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். தலைமையாசிரியரும் வந்தார். கைப்பிடி விவகாரத்தைக் கடைக்காரர் மறுபடி விளக்கினார். பேர்வெட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அண்டாவுக்குப் புதுக் காது வெச்சா அண்டா புதுசாயிடுமா சார்?"

பிடியில் ஒரு சின்ன மூங்கில் ஆணி இருந்தது. சுத்தியலால் செல்லமாக இரண்டு தட்டு. ஆணி விழுந்தது, பிடி கழன்று கையோடு வந்தது. அது கழலும் என்பது நாற்பது வருஷம் வைத்திருந்த ஹவில்தாருக்கே தெரியாது. உள்ளே மறைந்திருந்த இரும்பு கரேலென்று துருவேறிக் கிடந்தது. அதில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை எழுத்து.

"அடடா, எவ்ளோ துரு" என்று டெய்சி டீச்சர் உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாக ஓடி வந்தார். பேர்வெட்டி குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"தொடாதீங்க டீச்சர். தேச்சீங்கன்னா வயசு பூடும். அந்தத் துருதான் இதுக்கு ஜாதகம்."

பிறகு வாளை வெளிச்சத்தில் சாய்த்து நகத்தை ஓட்டினார். "எழுத்துக்கு உள்ளாற கீற துருவும் வெளிய கீற துருவும் ஒரே கலரு. பின்னால எவனோ வெட்டியிருந்தா உள்ள வேற கலரா இருக்கும். கையால வெட்டுனது, ஒவ்வொரு அடியும் தெரியுது. இதோ பாரு, ஓட்டை ரெண்டு. ஒரு ஆணிக்கு எதுக்கு ரெண்டு ஓட்டை? பெரிய கத்தியக் குறுக்கி வேற பிடி மாட்டிக்கீறான். மேல இந்தப் பாம்போட செதிலப் பாரு. தீட்டித் தீட்டியே மொழுங்கிப் போய்க்கீது."

"உமக்கு ஜப்பான் எழுத்து படிக்கத் தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"எனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். படிக்கிறது உங்க வேல. வெட்டுனவன் கை எனுக்குத் தெரியும்."

"சரி, என்ன வயசு இருக்கும்?"

"மூணு அண்டா."

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். தினமும் புளி போட்டுத் தேய்த்தால் அண்டாவில் வெட்டிய பேர் அழிய நூறு வருஷம் ஆகும். அது ஓர் அண்டா. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

பேர்வெட்டி அவரை விட்டுவிட்டு ஹவில்தார் பக்கம் திரும்பினார். "ஐயா, அவன் கவருமெண்டு கத்தியக் குடுக்கல. அவுங்க வூட்டுக் கத்திய மிலிட்டரி பிடி மாட்டிச் சண்டைக்கு எடுத்தாந்துக்கீறான். பாட்டன் சொத்தக் குடுக்கறவன் அழாம இன்னா பண்ணுவான்?"

ஹவில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைத்தானேய்யா நாற்பது வருஷமா சொல்றேன்" என்றார்.

தலைமையாசிரியருக்கு அண்டாக் கணக்கு போதவில்லை. உடனே பேர்வெட்டி எழுத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தார். பழைய பாத்திரத்தில் இருக்கிற எழுத்தைப் புதுப் பாத்திரத்துக்கு மாற்ற அவர் வழக்கமாகச் செய்வதுதான். டிராகனையும் அப்படியே எடுத்தார். நான் வேலை பார்த்த மறைமலை நகர் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். காகிதங்களை அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, விவரம் தெரிந்த ஒருவருக்கு ஊருக்கு அனுப்பி வைத்தார்.

குடியரசு தினத்துக்கு ஒரு வாரம் முன்பு பதில் வந்தது. செய்த கொல்லன் இன்னார் என்று தெரிகிறது, வாளுக்கு ஏறக்குறைய இருநூற்றுத் தொண்ணூறு வயது, பிற்காலத்தில் குறுக்கப்பட்டது. நான் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்கு ஓடியே போனேன். மூச்சு வாங்கப் படித்துக் காட்டினேன். பேர்வெட்டி உளியை நிறுத்தவே இல்லை.

"இருநூத்தித் தொண்ணூறா? நடுவுல எவனோ பத்து வருசத்துக்கு அதிகமாத் தேச்சுக்கீறான்."

வெட்டிக்கொண்டே அவரே கேட்டார். "ஏன் சார், செஞ்சவன் பேரை எதுக்குப் பிடிக்குள்ள ஒளிச்சு வெச்சான்?" இன்ஜினீயர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். அவர்கள் ஊரில் செய்தவன் பேர் போட வேண்டிய இடமே அதுதானாம். அப்போதுதான் அவருடைய உளி நின்றது.

விழாவில் ஹவில்தார் ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகளுக்கு மிட்டாய் கைக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. 'அழுதான்' என்று அவர் சொன்ன இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முதலில் கை தட்டியவன் நான். இரண்டாவது, பின் வரிசையிலிருந்து அந்தக் கடைக்காரர். முதல் வரிசையில் பேர்வெட்டி, பள்ளிக்கூட டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. போன மாதம் வீட்டில் பழைய பித்தளையை எல்லாம் கடையில் போட எடுத்து வைத்தார்கள். அதில், அந்தக் குடியரசு தினத்துக்குப் பிறகு அவரிடம் பேர் வெட்டிய சொம்பும் இருந்தது. அவரிடமிருந்து தொற்றிய வியாதி, கவிழ்த்துப் பார்த்தேன். அடி வளையத்துக்கு உள்பக்கம், கடுகு கடுகாக ஒரு பேர். எங்கள் வீட்டுப் பேர் இல்லை. ஊரில் யாருமே கேட்டிராத அந்த ஒரு பேர்.

அது என்னவென்று சொல்ல மாட்டேன். அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். இப்போதெல்லாம் அந்தச் சொம்பை நான்தான் தேய்க்கிறேன், புளி போடாமல், மெதுவாக.