பாதியில் திரும்பிய பக்தர்

பக்தர் மறுபடியும் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

பக்தர் என்றால் விரல் நீளப் பொம்மை. இடுப்பில் நிஜத் துணியில் வேட்டி, தலைக்கு மேல் கூப்பிய கை. முழங்கால் உயரப் பிளாஸ்டர் மலையின் அடியிலிருந்து ஒரு கம்பி நீண்டு வரும். அதன் நுனியில் அவர் நிற்பார். சுற்றிலும் எட்டு லிங்கங்கள், சுண்டைக்காய் அளவில். மலையின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சர்வோ மோட்டார். அது சுற்றினால் பக்தர் கிரிவலம் போவார். பௌர்ணமிக்கு வருகிற கூட்டம் தன் லாட்ஜ் வாசலில் அசந்து நிற்க வேண்டும் என்று அப்பாதுரை ஆசைப்பட்டார். செய்து தருகிறேன் என்று அன்பரசன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"இன்னாப்பா இது? அடி அண்ணாமலை வரைக்கும் போறாரு, வந்த வழியே திரும்பிடறாரு. டீ குடிக்கப் போனவரா?" என்றார் அப்பாதுரை.

"சர்வோ மோட்டார்னா அரை வட்டம்தான் சார் சுத்தும். அதோட டிசைன் அப்படி."

"மழை கொட்டினாலும் பாதியில திரும்பறவன் இந்த ஊர்ல கிடையாதுப்பா."

லாட்ஜ் காவல்காரர் சடையன் குனிந்து பார்த்தார். முப்பது வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றிய மனிதர். "எட்டு லிங்கத்துலயும் நின்னு கும்பிடணும் தம்பி. இவரு பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி இல்ல போறாரு?"

"பெரியவரே, இது ஃபர்ம்வேர் விஷயம். உங்களுக்குப் புரியாது" என்றான் அன்பரசன்.

ஃபர்ம்வேர் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை, கண்ணுகளா. அந்த மோட்டாருக்குள் மிளகு அளவில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். இப்படிச் சுற்று, இங்கே நில் என்று அதற்குள் எழுதி வைத்த கட்டளைதான் அது. அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம், எழுதத் தெரிந்திருந்தால்.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அன்பரசனுக்கு ஒரு கடை. பாதிக் கடையில் அவன் செல்போன் ரிப்பேர் பார்த்தான், மறுபாதியில் மனைவி ஆர்த்தி தையல் தைத்தாள். போர்டு மட்டும் முழுவதும் அவனுடையது: 'அன்பு மொபைல்ஸ் மற்றும் ரோபாட்டிக்ஸ் ஆராய்ச்சி மையம்.' அந்த மையம் அதுவரை ஆராய்ந்தது சார்ஜர் ஓட்டையில் சேரும் தூசியைத்தான்.

மலையைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குள் வந்ததும் ஆர்த்தி மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, திரும்பி வந்துட்டாரா உங்க பக்தரு?"

"சின்ன மாத்தம்தான். பௌர்ணமிக்கு மூணு நாள் இருக்கு."

"போர்டுல பாதி எனக்கு விடுங்கன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். வர்ற வருமானம் யார் மெஷின்ல வருதுன்னு ஊருக்கே தெரியும்."

அன்பரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அறிவு வரவேண்டிய இடத்திலெல்லாம் அவனுக்கு அதுதான் வரும். "பௌர்ணமிக்கு இது ஓடலைன்னா ரோபாட்டிக்ஸை அழிச்சிட்டு 'ஆர்த்தி டெய்லரிங்'னு எழுதிக்கோ. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியம்."

ஆர்த்தி கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் போர்டை அளந்துவிட்டு வந்தாள்.

அன்பரசன் மோட்டாரைப் பிரித்தான். அரை வட்டத்தோடு நிறுத்துகிற உள் முனையை வெட்டினான். தலைமுடி போன்ற வயர்களைச் சிப்பில் பற்றவைத்து, லேப்டாப்பில் சேர்த்து, புதுக் கட்டளையை ஏற்றினான். பக்தர் முழு வட்டம் போனார். ஆனால் இடப்பக்கமாகப் போனார், அதுவும் பின்னால் பின்னாலேயே.

அந்த நேரம் பார்த்து ஜாக்கெட் விஷயமாக உள்ளே வந்தாள் அப்பாதுரையின் மனைவி சரோஜா.

"ஐயய்யோ! சாவுக்குச் சுத்தற மாதிரி இடமா சுத்தறாரே! இதையா எங்க லாட்ஜ்ல வைக்கப் போறே?"

"இது டெஸ்டிங்மா."

"சாமிகிட்ட இன்னா டெஸ்டிங்கு?" ஜாக்கெட்டுக்கு அளவுகூடக் கொடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் திசையை மாற்றி எழுதினான். பக்தர் வலமாகத்தான் போனார். ஆனால் அடிக்கு அடி உடம்பு நடுங்கியது.

"சாமி வந்துடுச்சுங்க. வேப்பிலை ஒடிச்சிட்டு வரட்டா?" என்றாள் ஆர்த்தி.

"அது சிக்னல் பிரச்சினை. வேகத்தை ஜாஸ்தி பண்ணா நடுக்கம் தெரியாது."

காய்ச்சல்காரனை ஓடவிட்டால் காய்ச்சல் தெரியாது என்கிற வைத்தியம் இது. வேகத்தை ஏற்றினான். இரண்டு சுற்றில் பக்தர் கம்பியை விட்டுக் கிளம்பி, கடையைக் குறுக்கே கடந்து, ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினில் போய் விழுந்தார். ஆர்த்தி காலை எடுப்பதற்குள் அவருடைய வேட்டி வேறு யாருடைய ஜாக்கெட் கையோடோ அழகாகத் தைக்கப்பட்டுவிட்டது.

"நல்லவேளை" என்றாள், நூலைப் பிரித்துக்கொண்டே. "உங்க மோட்டாரைவிட என் தையல் கெட்டி."

பௌர்ணமி காலை. இனி நடுங்கவே கூடாது என்று சிப்பின் ஆதாரக் கணக்கிலேயே கைவைத்தான். இந்த வேலையில் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு என்றால் அது அதுதான். ஏற்றி முடித்தான். மோட்டார் அசையவில்லை. லேப்டாப் சிப்பைக் கூப்பிட்டது, பதில் இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதைதான்; இனி அவனே அந்தச் சிப்புக்குள் நுழைய முடியாது. ஊரில் வேறு மோட்டார் கிடையாது. ஆன்லைனில் சொன்னால் நான்கு நாள்.

செத்த மோட்டாரை மலைக்குள்ளேயே திருப்பி மாட்டினான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

ஆர்த்தி அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. "நீங்க குளிச்சிட்டு மெதுவா வாங்க. நான் இதை ஆட்டோவில எடுத்துட்டுப் போயி மேசையை ஜோடிச்சு வைக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். தரைவரை தொங்குகிற மாதிரி பச்சைப் பட்டுத்துணி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டாள், கூடவே அவனுடைய ஸ்க்ரூ டிரைவரையும்.

குளிக்கும்போது அன்பரசன் பொய் தயாரித்தான். வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லலாம். லாட்ஜ் வயரிங் பழசு என்று அப்பாதுரை தலையிலேயே பழியைப் போட்டுவிடலாம்.

நாலு மணிக்கு லாட்ஜுக்குப் போனால் வாசலில் கூட்டம் முட்டியது. உள்ளே அப்பாதுரை கத்திக்கொண்டிருந்தார். "சடையன் எங்க? கூட்ட நேரத்துல ஆளைக் காணோம்!"

அன்பரசன் எட்டிப் பார்த்தான். குளிக்கும்போது தயாரித்த பொய்க்கு வேலையே இல்லை.

பக்தர் போய்க்கொண்டிருந்தார். வலமாக, நடுக்கமில்லாமல், நிதானமாக. ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் ஒரு நொடி நின்றார், பிறகு நடந்தார். கூட்டத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பிரமாதம்பா! எட்டு லிங்கத்துலயும் நிக்கிறாரே, எப்படி?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார் அப்பாதுரை.

அன்பரசன் விழித்தது ஒரே ஒரு கணம்தான். "ஃபர்ம்வேர் உள்ள போய் உக்கார கொஞ்ச நேரம் ஆகும் சார். காலையில ஏத்தினேன், இப்பதான் பிடிச்சிருக்கு. நிக்கிறது என்னோட சொந்த அல்காரிதம்."

பட்டுத்துணி மூடிய மேசையை ஒட்டி ஆர்த்தி நின்றிருந்தாள். அன்பரசன் அவளிடம் குனிந்து, "போர்டு அப்படியேதான் இருக்கும். இஞ்சு டேப்பை மடிச்சு வை" என்றான்.

"சரிங்க" என்று மடித்தாள்.

சரோஜா ஆரத்தித் தட்டோடு வந்தாள். "தப்பா பேசிட்டேன்பா. உன் கையில ஏதோ இருக்கு."

"மூளையிலம்மா" என்று திருத்தினான்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் ஓய்ந்தன, மலை உச்சியில் எரிந்த குட்டி விளக்கு அணைந்தது. கூட்டம் 'ச்சு' கொட்டியது. பிறகு அந்தச் சத்தம் அப்படியே அடங்கியது. விளக்கில்லாத மலையைச் சுற்றி, பக்தர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

"கரண்ட் இல்லாமலா ஓடுது!" என்றார் அப்பாதுரை.

"பேட்டரி பேக்கப் சார்" என்றான் அன்பரசன், கண் இமைக்காமல். "உங்ககிட்ட சர்ப்ரைஸா வச்சிருந்தேன். எட்டு மணி நேரம் தாங்கும்."

பட்டுத்துணி லேசாக விலகியது. மேசைக்கு அடியிலிருந்து சடையனின் குரல் வந்தது:

"ஆர்த்திம்மா, எட்டு மணி நேரம்லாம் நம்மால ஆவாது. இந்தக் கம்பியை இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு காபி குடிக்க எழுந்துடுவேன்."