காற்றாலை இறக்கைக்குள் ஒரு மக்ரூன்

சந்தேகப்படுகிறவனை யாராலும் ஏமாற்ற முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. அவன் வடக்கே பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும்போது தெற்கே இருந்து வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அமெரிக்காவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் என் வீட்டு அடுப்படியில் நடந்துகொண்டிருந்தது.

என் சந்தேகம் எத்தகையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மொட்டை மாடியில் சோலார் பலகை மாட்டினார்கள். அது நிஜமாகவே வெயிலில்தான் ஓடுகிறதா, இல்லை நம் கரண்ட்டையே எடுத்து நமக்கே திருப்பித் தருகிறதா என்று எனக்கு ஒரு கேள்வி. பெட்ஷீட்டால் பலகையை மூடிவிட்டுக் கீழே ஓடிவந்து மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் உற்பத்தி குறைந்திருந்தது. (அப்படியும் மனசு ஒப்பவில்லை. பெட்ஷீட் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டியதுதான் மிச்சம்.)

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. எங்கள் கைவழியே அதிகம் போய்வருவது காற்றாலை இறக்கைகள்தான். ஒரே ஒரு இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு டிரெய்லர் வளைவில் திரும்பினால், ரோடு முழுக்க நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவ்வளவு நீளம். அடிப்பக்கம் வட்டமாக, உள்ளே கூடாக இருக்கும். ஒரு ஆள் குனியாமல் உள்ளே நிற்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்பதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது டாக்டரைச் சந்தேகப்பட்டேன். இரண்டாவது லேபும் அதையே சொன்னபோது, இருவரும் கூட்டு என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஷீபா, இதைக் கேள்விப்பட்டு லீவு போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பொத்தான் மாதிரி வட்டமாக ஒன்று.

"கைல ஒட்டிட்டா போதும்ப்பா. தினம் விரல்ல குத்த வேண்டாம். சுகர் ஏறுறது இறங்குறது எல்லாம் போன்ல கோடு போட்டுக் காட்டும்."

"போன்ல இருந்து அது எங்க போவும்?"

"சர்வருக்குப் போகும்."

"சர்வரு எங்க இருக்கு?"

அவள் யோசிக்காமல், "அமெரிக்காவுலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

என் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று அமெரிக்காக்காரனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? நான் இந்தக் கேள்வியில் மூழ்கியிருந்த நேரத்தில் அவள் என் மேல்கையில் அதை அழுத்தி ஒட்டிவிட்டாள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. (வலிக்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.) பிறகு என் போனை வாங்கி என்னவோ செய்தாள். அப்புறம் என் மனைவி எமிலியின் போனையும் வாங்கி என்னவோ செய்தாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்கு ஏதோ போட்டோ அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கோயம்புத்தூர் திரும்பிய மறுநாள் ஆபீசில் டீயோடு, முந்திரியும் சீனியும் போட்டுச் செய்யும் எங்கள் ஊர் மக்ரூன் ஒன்று சாப்பிட்டேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு மக்ரூன் சாப்பிடாதவன் தூத்துக்குடிக்காரனே இல்லை என்பது என் கருத்து. அன்று கருத்து கொஞ்சம் பலமாக இருந்ததால் இன்னும் சில சாப்பிட்டேன். அரை மணி நேரம் ஆகியிருக்காது. எமிலியிடம் இருந்து போன்.

"என்னத்தத் தின்னீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"இனிப்புதான?"

எனக்கு வியர்த்துவிட்டது. "யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொன்னா என்ன. தெரிஞ்சிச்சு" என்று வைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேஜையில் சாமுவேல் அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்துக்காரர். வயதில் மூத்தவர். அந்த ஊர்த் திருச்சபையில் பெரிய ஆள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பேசாத மனிதர்கள் எங்கேயோ போய் மொத்தமாகப் பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் கணிப்பு. எமிலியும் அவர் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் அண்ணாச்சி கண்ணில் படாமல் கடைத்தெருவுக்குப் போய்ச் சாப்பிட்டேன். போன் வந்தது. சரி, கடைக்காரரும் அவர் கையாள். வேறு கடைக்குப் போனேன். அங்கேயும் வந்தது. ஒரு மனிதருக்கு ஊர் முழுக்க இவ்வளவு செல்வாக்கா என்று ஒரு பக்கம் பிரமிப்பாகவும் இருந்தது.

கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. யார்டில் இறக்கைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் அடிப்பக்கத்தில் கட்டிய தார்ப்பாய் அவிழ்ந்து தொங்கியது. சரக்கு சரிபார்க்கப் போகிறவன் மாதிரி போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தேன். உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி வெந்தது. ஆனாலும் நிம்மதி. சுத்தமான எரிசக்தியின் எதிர்காலத்துக்குள் நின்றுகொண்டு ஒரு மக்ரூனை நிதானமாகக் கரையவிட்டேன். பிறகு மற்றவற்றையும்.

வெளியே வரலாம் என்று திரும்பியபோது செருப்புச் சத்தம் கேட்டது. தார்ப்பாய் இடுக்கு வழியே பார்த்தால், சாமுவேல் அண்ணாச்சி. இறக்கைகளின் நம்பரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போவதாக இல்லை. நேரம் ஓடியது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அப்போது என் போன் அடித்தது. அந்தக் கூட்டுக்குள் அது கோயில் மணி மாதிரி ஒலித்தது.

அணைக்கப் போய் எடுத்துவிட்டேன்.

"இப்ப எங்க நின்னு தின்னீங்க? ஏன் குடத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்குது?" என்றாள் எமிலி.

"நான் தனியா இருக்கேன். என்னைய நிம்மதியா இருக்க விடுங்க எல்லாரும்" என்று கத்தினேன்.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. "என்ன வே, இங்கன என்ன செய்யுதீரு?"

"காத்து வாங்குதேன்" என்றேன்.

அவர் என்னையும் என் வேர்வையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார். இறக்கைக்குள் நுழைந்தவனைக்கூடப் பின்தொடர்ந்து வந்தார் என்றால் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்த நிலைமையில்தான், அதே அண்ணாச்சி ஷீபாவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். சாத்தான்குளத்தில் இருக்கும் அவருடைய அக்கா ஞானமணி டீச்சரின் மகன். காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் இன்ஜினியர். ஷீபாவும் அவனும் போனில் பேசிப் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. காற்றை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது? காற்று நின்றுபோனால் சம்பளம் வருமா? அதோடு, ஆபீசில் இருந்த ஒற்றன் இனி வீட்டுக்குள்ளேயே வரப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். டீச்சர், மாப்பிள்ளைப் பையன் பிரின்ஸ், சாமுவேல் அண்ணாச்சி. பழங்களோடு ஒரு பெட்டி மக்ரூனும் கொண்டுவந்திருந்தார்கள். தட்டில் எடுத்து வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். (எமிலி அப்போது காபி போட்டுக்கொண்டிருந்தாள்.) தட்டுக்கு வராத மக்ரூன்களைப் பற்றி இங்கே விவரிக்கத் தேவையில்லை.

பேச்சு நல்லபடியாகப் போனது. நிச்சயத்தை எப்போது வைக்கலாம் என்று டீச்சர் கேட்டார். அந்த நேரம் அண்ணாச்சி என் வாயோரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான். இவ்வளவு நாள் அடக்கிவைத்தது வெடித்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் திங்கிறத எண்ணிச் சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன கூலி? ஆபீசுல பாத்தீங்க, கடைல ஆள் வச்சீங்க, இறக்கைக்குள்ள நுழைஞ்சா அங்கயும் வந்தீங்க. இப்ப இந்தச் சம்பந்தமே வேவு பாக்கத்தான்."

ஷீபாவின் முகம் வெளிறிவிட்டது. பிரின்ஸ் தன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். அக்காவையும் எழுந்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். என் மகளின் கல்யாணம் வாசல் வரைக்கும் போய்விட்டது.

அப்போதுதான் எமிலியின் போன் அலறியது. சாதாரண மணி இல்லை, ஆம்புலன்ஸ் வருகிற மாதிரி ஒரு ஊளை. அவள் அடுப்படியில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். விருந்தாளிகள் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"உள்ள போயி எத்தனைய முழுங்கினீங்க? பாருங்க, கோடு எங்க போவுதுன்னு."

அந்தத் திரையில் இருந்தது என் கோடு. என் ரத்தம். எமிலியின் போனில்.

ஷீபா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அம்மா போனுக்கும் அது போகும்ப்பா. சொன்னா பிச்சி எறிஞ்சிருவீங்கன்னு சொல்லல. சாமுவேல் மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. (உள்ளே இன்னும் கொஞ்சம் மக்ரூன் இருந்தது.)

அண்ணாச்சி நின்றபடியே பேசினார். நான் கேட்டதிலேயே அவருடைய நீளமான பேச்சு அதுதான். "நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல வே. நீரு இறக்கைக்குள்ள தனியா நின்னு கத்திக்கிட்டு இருந்தீரு. மனசு சரியில்லன்னு நெனச்சேன். எங்க ஊரு சபைல ஜெபத்துக்குக் குடுத்தேன். பேரு கூட சொல்லல. துறைமுகத்துல வேல பாக்குத ஒரு சகோதரன்னுதான் சொன்னேன்."

ஞானமணி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது இவருதானா? நான் உபவாசம்லா இருந்தேன்."

பிரின்ஸ்தான் முதலில் சிரித்தான். காபி மூக்கில் ஏறிவிட்டது. அவனைப் பார்த்து ஷீபா, அப்புறம் எமிலி. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவர் கையை உதறவில்லை. "உக்காரும்" என்று மட்டும் சொல்லித் தானும் உட்கார்ந்தார்.

டீச்சர் எமிலியின் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கோட்டை உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு, "எனக்கும் சுகர் உண்டு. இதுல ஒண்ணு எனக்கும் ஒட்டிவிடச் சொல்லுங்க மருமவகிட்ட" என்றார். மருமவ என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணம் ஆன கையோடு, என் கோடு யார் யார் போனுக்குப் போக வேண்டும் என்பதைக் குடும்பமே கூடிப் பேசி முடிவு செய்தது. என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது நான் தூத்துக்குடியில் ஒரு வாய் இனிப்பு வைத்தால் கோயம்புத்தூரில் மகள் போன் அடிக்கிறது. எங்கேயோ காற்றாலை உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் பையில் அடிக்கிறது. சாத்தான்குளத்தில் சம்பந்தியம்மாவின் கைப்பையிலும் அடிக்கிறது.

போன வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஆராதனை. சாத்தான்குளம் கோயிலில் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இச்சையடக்கம் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் இங்கே ஒரு கிரகப்பிரவேச வீட்டில் பால் பாயசத்தின் முன்னால் இருந்தேன். சம்பந்தியம்மாவின் பைக்குள் இருந்து அந்த ஊளை கிளம்பியிருக்கிறது. ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்திருக்கிறது. டீச்சர் எழுந்து நின்று, முப்பது வருஷம் வகுப்பெடுத்த அதே தெளிவான குரலில் விளக்கம் சொன்னாராம்.

"ஒண்ணுமில்ல ஐயரவாள். தூத்துக்குடில எங்க சம்பந்தி என்னத்தையோ தின்னுட்டாரு. நீங்க சொல்லுங்க."

இன்றைக்கும் அந்தக் கோயிலில் யாருடைய போன் அடித்தாலும், "சம்பந்தி தின்னுட்டாரு" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வருமாம். ஐயரும் அதற்கு மேல் யார் போன் என்று விசாரிப்பதில்லையாம்.